ஆட்டோக்காரர் போனில் எத்தனை ஆப்? பிளாட்ஃபார்ம் தொழிலில் போட்டியைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஆட்டோவில் ஏறினால் ஹேண்டில்பாரைக் கவனியுங்கள். போன் ஸ்டாண்ட் ஒன்று இருக்கும். சில வண்டிகளில் இரண்டு. ஓலா, ஊபர், ரேபிடோ, நம்ம யாத்ரி என்று ஆப்கள் வரிசையாகத் திறந்திருக்கும். எது முதலில் மணி அடிக்கிறதோ, எதில் காசு கூடத் தெரிகிறதோ அதை ஓட்டுநர் எடுப்பார். நாம் வீட்டுக்குப் போய் "ஊபரில் வந்தேன்" என்போம். அவருக்கு அது அன்றைய ஏழாவது சவாரி, அவ்வளவுதான்.

இரண்டு தரப்பை ஓர் ஆப்பில் இணைத்துவிடும் பிளாட்ஃபார்ம் தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "பெரிய கம்பெனி உள்ளே வந்தால் என்ன செய்வது?" என்பதைத்தான். பேச்சு எப்படித் தொடங்கினாலும் நான் இந்த ஹேண்டில்பாருக்கே வந்து சேர்கிறேன். போட்டியாளர் யார், அவரிடம் எத்தனை கோடி இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் ஆப்பில் வேலை செய்பவர் அதே நேரத்தில் இன்னொரு ஆப்பிலும் இருக்க அவருக்கு என்ன செலவாகிறது? ஒரு பைசா செலவில்லை என்றால், உங்களிடம் இருக்கும் கூட்டம் நாளைக்கே கலையக்கூடியது. கீழே வரும் படிகள் எல்லாமே அந்தக் கூட்டம் கலையாமல் இருக்க வழி தேடுபவைதான்.

வழிகாட்டி முழுக்க ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். மதுரை, திண்டுக்கல் பக்கம் கல்யாண வீட்டாரையும் சமையல் மாஸ்டர்களையும் இணைக்கும் ஆப் ஒன்றை நீங்கள் தொடங்குகிறீர்கள். ஆப் கற்பனை. அதில் வரும் தொல்லைகள் நிஜம்.

படி 1: நீங்கள் கடையா, சந்தையா?

கடைக்காரர் சரக்கை வாங்கி விற்கிறார். சரக்கு கெட்டால் நஷ்டம் அவருக்கு. வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சரக்கே கிடையாது. இடம், விளக்கு, எடையில் தகராறு வந்தால் பஞ்சாயத்து, இவ்வளவுதான் அவர் தருவது; பதிலுக்குக் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கிக்கொள்வார். பிளாட்ஃபார்ம் இந்த இரண்டாவது வகை. விற்க ஆள் வருவதால் வாங்க ஆள் வரும், வாங்க ஆள் வருவதால் இன்னும் விற்க வருவார்கள். நெட்வொர்க் எஃபெக்ட் என்று பெரிய பெயரில் சொல்வது இந்த இழுவையைத்தான்.

தொடங்கும்போதே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதி கடையாகவும் பாதி சந்தையாகவும் இருந்தால் உங்கள் சந்தையில் விற்பவர், "எனக்கே போட்டியாக நீயும் விற்கிறாயா?" என்று கேட்பார். சட்டமும் குறுக்கே வரும்: வெளிநாட்டு முதலீடு வாங்கிய மின்வணிகச் சந்தைகள் தங்கள் தளத்தில் விற்கும் சரக்கைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரி முதல் இங்கே கடுமையாகவே இருக்கிறது. முதலீட்டாளர் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

படி 2: உங்கள் சந்தையின் எல்லை எதுவரை?

தங்க வீடு வாடகைக்குக் கிடைக்கும் ஏர்பிஎன்பியில் சென்னைக்காரர் பாரிஸில் வீடு தேடுகிறார். அதனால் சென்னையில் மட்டும் இருக்கும் ஒரு போட்டி ஆப்பால் அதை அசைக்க முடியாது. வீடு கொடுப்பவருக்கு உலகம் முழுக்க இருந்து ஆள் வேண்டும். ஊபர் அப்படியில்லை. அடையாறில் நிற்கும் வண்டியால் மதுரைப் பயணிக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. எத்தனை நாட்டில் இருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் அது முதலிலிருந்து சண்டை போட்டாக வேண்டும். சீனாவில் தீதி என்ற உள்ளூர் டாக்ஸி ஆப்பிடமும், தென்கிழக்கு ஆசியாவில் கிராப் என்ற ஆப்பிடமும் ஊபர் கடையைக் கொடுத்துவிட்டுப் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது வகையில் இழுவை உங்கள் சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஸோஹோவின் அரட்டை ஆப்பை 2025 செப்டம்பரில் நாடே பேசியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 3 நாளில் அது 3,50,000 ஆனது என்று ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதினார். ஆனால் மெசேஜ் ஆப்பை ஒருவர் மட்டும் மாற்றிப் பயனில்லை. சித்தி, பெரியப்பா, அபார்ட்மென்ட் செகரட்டரி, பிள்ளையின் பள்ளி குரூப் எல்லாம் ஒட்டுமொத்தமாக மாற வேண்டும். எவ்வளவு நல்ல ஆப் என்பதைவிட அது கடினமான விஷயம்.

நம் சமையல் ஆப் எந்த வகை? வத்தலக்குண்டு கல்யாணத்துக்கு வேலூர் மாஸ்டர் வர மாட்டார். எனவே இழுவை நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இது கேட்கச் சோர்வாக இருக்கலாம். உண்மையில் உங்களுக்கு இது நல்ல செய்தி. மும்பையில் இருந்து ஒருவர் நூறு கோடியோடு வந்தாலும் திண்டுக்கல்லில் அவரும் முதல் மாஸ்டரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எனவே முதல் ஆண்டில் ஒரே வட்டாரம். "தமிழ்நாடு முழுக்க" என்று பேனர் அடிக்காதீர்கள். ரெட்பஸ் நாடு முழுவதற்குமான பெயராகத் தெரிந்தாலும், பயணிக்கு அது ஒரு வழித்தடம் மட்டுமே: இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் இருந்து என் ஊருக்கு வண்டி இருக்கிறதா? அந்தத் தடத்தில் இரண்டு பஸ் காட்டினால் ஆள் திரும்ப வரமாட்டார். பதினைந்து காட்டினால் வருவார். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனம் டியூஷன் ஆசிரியர்களைச் சேர்க்க ஒரே மாதத்தில் 12 ஊரில் இறங்கியது. எல்லா ஊரிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்த ஊரிலும் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வீட்டுப் பக்கத்தில் ஆள் இல்லை. தேடிய அம்மாக்கள் ஒரு முறை வந்தார்கள், இரண்டாம் முறை வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் ஆபீஸைக் காலி செய்தோம்.

படி 3: எந்தப் பக்கம் ஆள் பஞ்சம்? அங்கிருந்து தொடங்குங்கள்

இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் இல்லாமல் மறுபக்கம் வராது. கோழியா முட்டையா கதைதான். இதில் எது முதலில் என்று தத்துவம் பேச வேண்டாம். எந்தப் பக்கத்தில் பற்றாக்குறையோ அதை முதலில் பிடியுங்கள்.

சமையலில் பற்றாக்குறை நாளைப் பொறுத்தது. ஆவணி, தை மாத முகூர்த்த நாளில் நல்ல மாஸ்டர் ஒருவர்கூடச் சும்மா இருக்க மாட்டார். மூன்று பேர் கூப்பிட்டு இரண்டு பேரிடம் "முடியாது" என்றிருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் அதே மாஸ்டர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். முகூர்த்த நாளில் உங்கள் ஆப் அவருக்குத் தேவையே இல்லை. சும்மா இருக்கும் மாதத்தில் கொடுக்க உங்களிடம் கல்யாணம் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளியே வர ஒரு பழைய வழி உண்டு. வாடிக்கையாளர் ஒருவர்கூட வராத நாளிலும் மாஸ்டருக்குப் பயன்படும் ஒரு கருவியைக் கொடுங்கள். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய ஓப்பன்டேபிள், ஹோட்டல்காரர்கள் மேசை முன்பதிவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு ஒரு கணினியைக் கொண்டுபோய் வைத்தது. நோட்டு கணினிக்குள் வந்ததும், ஊரில் எந்த ஹோட்டலில் இன்று ராத்திரி இடம் இருக்கிறது என்று சாப்பிடுபவர்களுக்குக் காட்ட முடிந்தது. முதலில் கருவி, பின்னால் சந்தை.

முருகவேல் ஜானகிராமன் 1997-இல் அமெரிக்காவில் இருந்தபோது தொடங்கியதும் திருமணத் தளம் இல்லை. அங்குள்ள தமிழர்களுக்கான ஒரு பொதுத் தளம். அதில் ஒரு மூலையாக இருந்த வரன் பகுதிதான் எல்லோரையும் இழுத்தது. அதுதான் பின்னால் பாரத் மேட்ரிமோனி ஆனது. அவருக்கும் அதன் வழியாகவே வரன் அமைந்தது என்பது உபரித் தகவல்.

எல்லா இடத்திலும் கருவி முதலில் எடுபடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரெட்பஸ் கதையில் பலரும் சொல்வது, அதன் நிறுவனர் பணீந்திர சாமாவுக்கு 2005 தீபாவளிக்கு பெங்களூரில் இருந்து ஹைதராபாத் போக டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை மட்டும். அதற்கு அடுத்து நடந்ததில்தான் பாடம் இருக்கிறது. அவரும் நண்பர்களும் பஸ் உரிமையாளர்களுக்காக மென்பொருள் எழுதி இலவசமாகவே கொடுக்கப் போனார்கள். யாரும் வாங்கவில்லை. போனும் சீட்டு சார்ட்டும் வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் இது எதற்கு? சரி என்று, கைக்குக் கொஞ்சம் சீட்டு மட்டும் வாங்கி 2006-இல் விற்றுக் காட்டினார்கள். விற்ற பிறகுதான் உரிமையாளர்கள் மென்பொருள் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது பணம்.

நம் ஆப்புக்கு வருவோம். மாஸ்டர் கல்யாண வீட்டுக்குப் போனதும் முதலில் செய்வது என்ன? "எத்தனை இலை?" என்று கேட்டு, சாமான் லிஸ்ட் எழுதுவார். 500 இலைக்கு அரிசி எத்தனை மூட்டை, துவரம்பருப்பு எத்தனை கிலோ, நல்லெண்ணெய் எத்தனை டின், வாழையிலை எத்தனை கட்டு. ராத்திரி பதினோரு மணிக்குக் கல்யாண வீட்டார் போன் செய்து "650 ஆகிவிட்டது மாஸ்டர்" என்பார்கள். உட்கார்ந்து மறுபடி முழுவதையும் எழுத வேண்டும். எண்ணை மாற்றினால் லிஸ்ட் தானாக மாறி, மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் போய்விடும் என்றால் அவர் அந்த ஆப்பை முகூர்த்த நாளிலும் திறப்பார். கூடவே தேதி டைரி, யாரிடம் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினோம் என்ற கணக்கு. இது போதும். இதை மாஸ்டரின் அளவில், அவர் பொடி அளவில் எழுத விட வேண்டும். உங்கள் ஆபீஸில் உட்கார்ந்து நீங்கள் அளவு வைத்தால் "என் சாம்பாருக்கு இவ்வளவு பருப்பு போடமாட்டேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மறுபக்கத்தில் இன்னொரு நுணுக்கம். ஒரு குடும்பத்தில் கல்யாணம் எப்போதாவதுதான் வரும். அந்தக் குடும்பம் உங்கள் நிரந்தர வாடிக்கையாளராக முடியாது. மண்டப மேனேஜரிடம்தான் மாதாமாதம் "நல்ல மாஸ்டர் இருந்தா சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். உங்கள் உண்மையான வாடிக்கையாளர் அவர்தான்.

படி 4: இரண்டாவது ஆப்பில் இருக்க என்ன செலவு?

மொத்த வழிகாட்டியிலும் இதில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

2022 அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை, ஆப்கள் ஆட்டோவுக்கு அதிகக் கட்டணம் வாங்குகின்றன என்று சேவையை நிறுத்தச் சொன்னது. நவம்பரில் பெங்களூர் ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஜஸ்பே நிறுவனமும் சேர்ந்து நம்ம யாத்ரியைக் கொண்டுவந்தார்கள். அதில் சவாரிக்குச் சவாரி கமிஷன் கிடையாது. பயணி கொடுப்பது முழுக்க ஓட்டுநருக்கு. பின்னால் நாளொன்றுக்கு 25 ரூபாய் போல ஒரு சின்னக் கட்டணம் வந்தது. ரேபிடோவும் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டு, உபயோகக் கட்டணத்துக்கு மாறியது. 2025 பிப்ரவரியில் ஊபர் ஆட்டோவுக்கு அதே வழிக்கு வந்தது. ஜூனில் ஓலாவும் கமிஷனை நீக்கிவிட்டதாக அறிவித்தது.

இதைப் பாருங்கள். பல ஆயிரம் கோடி முதலீடு வாங்கிய கம்பெனிகள், ஒரு சங்கமும் ஒரு மென்பொருள் நிறுவனமும் வைத்த விலைக்கு இரண்டரை ஆண்டில் இறங்கி வந்தன. காரணம் அந்த ஹேண்டில்பார். ஓட்டுநருக்குப் புதிய ஆப்பை ஏற்ற ஐந்து நிமிடம்; பழையதை விட வேண்டியதும் இல்லை. அப்படி இருக்கும்போது பெரிய கூட்டம் வைத்திருப்பதால் மட்டும் யாராலும் விலையைப் பிடித்து நிறுத்த முடியாது. அடுத்த ஊர்ச் சந்தையில் சுங்கம் குறைவு என்று தெரிந்தால் வியாபாரி வண்டியைத் திருப்பிவிடுவார். அதிலும் இங்கே அவர் ஒரே நேரத்தில் நான்கு சந்தையில் கடை போட்டிருக்கிறார்!

தினக்கட்டணத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. காலையிலேயே 25 ரூபாய் கட்டிவிட்டவர் அன்று முழுக்க அந்த ஆப்பில் வரும் சவாரியையே எடுக்கப் பார்ப்பார். கட்டிய காசை எடுக்க வேண்டுமே. கமிஷனில் அந்த மனநிலை வராது.

கமிஷனைக் குறைக்காமல் பிடித்துவைக்க வழி உண்டா? உண்டு. பக்கத்து மளிகைக் கடையைப் பாருங்கள். கல்லாவுக்கு முன்னால் இரண்டு மூன்று க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த ஆப் வைத்திருப்பவரும் எந்த ஸ்டிக்கரையும் ஸ்கேன் செய்யலாம். யுபிஐ அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணமும் வாங்க முடியாது. ஸ்டிக்கரை வைத்து யாரையும் பிடிக்க முடியாது என்றானபோது பேடிஎம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்தது. பின்னாலேயே போன்பேயும் கூகுள் பேயும் வந்தன. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, ஒரு கையில் தராசும் மறு கையில் பையுமாக இருக்கும் கடைக்காரர் போனை எடுத்துப் பார்க்க மாட்டார். பணம் வந்ததைப் பெட்டி தமிழிலேயே சொல்லிவிடுகிறது. ஸ்டிக்கர் மூன்று இருக்கலாம். பெட்டி பெரும்பாலும் ஒன்றுதான், ஏனென்றால் அதற்கு மாத வாடகை உண்டு, இடமும் வேண்டும். பெட்டி யாருடையதோ அவருடைய ஸ்டிக்கரைத்தான் கடைக்காரர் முன்னால் தள்ளி வைப்பார். அதன் வழியாக வரும் வரவுக் கணக்கு நாளைக்கு அவர் கடன் கேட்கும்போது உதவும்.

இதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள மூன்று விஷயம். முதலில், வேலை நடக்கும் இடத்திலேயே உட்காருங்கள்; நம் ஆப்புக்கு அது சாமான் லிஸ்ட். அடுத்தது, சேரச் சேர மதிப்பு கூடும் ஒன்றை அவர் பெயரில் சேர்த்துக்கொடுங்கள். ஐம்பது கல்யாணம் முடித்த மாஸ்டருக்கு ஐம்பது வீட்டாரின் கருத்தும், பந்தி போட்டோக்களும் உங்களிடம் இருக்கும். புதிய ஆப்பில் அவர் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும். கடைசியாக, ஆடி மாதத்தைச் சமாளிக்க உதவுங்கள். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் அன்னதானம், கம்பெனி விருந்து என்று வேலை இல்லாத மாதத்தில் வேலை கொண்டுவருபவரை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்கலாமே என்று தோன்றும். சின்னவராக இருக்கும்போது மாஸ்டர் கையெழுத்துப் போட மாட்டார். பெரியவரானபின் சட்டம் விடாது. அறை வாடகையை வேறெங்கும் குறைத்துக் காட்டக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டிப்போட்டதற்காகவும், ஓயோவின் போட்டியாளர்களைத் தளத்திலிருந்து நீக்கியதற்காகவும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருந்த ஓயோவுக்கு 168.88 கோடியும் அபராதம் விதித்தது.

படி 5: சுங்கத்தை யாரிடம், எப்போது வாங்குவது?

ஈபே 2003-இல் சீனாவின் ஈச்நெட்டை முழுவதுமாக வாங்கியது. அன்றைக்கு அந்த நாட்டின் பெரிய இணையச் சந்தை அதுதான். அதே ஆண்டு மே மாதம் அலிபாபா, தாவ்பாவ் என்ற புதிய தளத்தைத் தொடங்கியது. ஈபேயில் பொருளைப் பட்டியலிடக் கட்டணம், தாவ்பாவில் இலவசம். எல்லோரும் சொல்லும் கதை இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் ஆட்டத்தை மாற்றியதில் வேறு இரண்டுக்கும் பங்கு இருந்தது. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசிப் பேரம் பேச தாவ்பாவில் ஓர் அரட்டைக் கருவி இருந்தது. நேராகப் பேசிக்கொண்டால் கமிஷன் போய்விடுமே என்று ஈபேக்குப் பயம். பேரம் பேசாமல் வாங்கிப் பழகாதவர்களிடம் அது எடுபடவில்லை. இரண்டாவது அலிபே: பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணத்தைத் தானே பிடித்துவைத்தது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கும் தைரியம் அதனால் வந்தது. 2006 டிசம்பரில் ஈபே தன் சீனத் தளத்தை மூடிவிட்டு உள்ளூர்க் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்துகொண்டது.

அலிபாபா கமிஷனை விட்டுக்கொடுத்ததால்தான் பேச்சைத் தடுக்க வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை. கட்டணத்தை எங்கே வைக்கிறோம் என்பது ஆப்பின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 500 இலைக்குச் சமையல் கூலி 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கமிஷன் 10 சதவீதம், அதாவது 4,000. வீட்டார் கொடுப்பது 40,000, மாஸ்டர் கைக்கு 36,000. இருவரும் மண்டப வாசலில் நின்று பேசி, "ஆப்பில் கேன்சல் பண்ணிடுங்க, 38,000 கொடுங்க" என்று முடித்தால் இரண்டு பேருக்கும் 2,000 லாபம். ஆட்டோவில் நமக்கெல்லாம் நடந்ததுதானே இது. யாரையும் திட்டிப் பயனில்லை, கணக்கு அவர்களை அங்கே தள்ளுகிறது.

இதையே மாற்றி, வீட்டாரிடம் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அட்வான்ஸைப் பிடித்துவைத்து, மாஸ்டர் கடைசி நேரத்தில் வராமல் போனால் வேறு மாஸ்டரை அனுப்புவதாக உறுதி கொடுங்கள். 500 ரூபாய் மிச்சம் பிடிக்க முகூர்த்த நாளில் யார் அந்த உறுதியை விடுவார்கள்? அப்புறம் மளிகைக் கடையிடம், பாத்திர வாடகைக்காரரிடம் விளம்பரக் கட்டணம் வாங்கலாம். லிஸ்ட் உங்கள் கையில்தானே இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்த உறுதியைக் காப்பாற்ற ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் இரண்டு மாஸ்டர்களைக் காசு கொடுத்துச் சும்மா வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் எழுதாமல் விளம்பரப் பலகையில் எழுதிவிடாதீர்கள்.

படி 6: தள்ளுபடிச் சண்டைக்குப் போகலாமா?

பெரும்பாலும் வேண்டாம். ஊபர் சீனாவில் ஆண்டுக்கு 100 கோடி டாலர் இழப்பதாக அதன் தலைவரே 2016-இல் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தீதியிடம் விற்றது. அந்த தீதியே, மானியத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட இரண்டு கம்பெனிகள் 2015-இல் இணைந்து உருவானதுதான். இங்கே அதே ஆண்டு டாக்ஸிஃபார்ஷ்யூரை ஓலா வாங்கியது. 2018-இல் ஊபரின் தென்கிழக்கு ஆசியத் தொழில் கிராபிடம் போனது. 2020-இல் ஊபர் ஈட்ஸின் இந்தியத் தொழில் ஸொமாட்டோவிடம். பணத்தால் மட்டும் நடந்த சண்டைகள் பெரும்பாலும் இணைப்பில்தான் முடிந்திருக்கின்றன. விற்பனைப் பேச்சு நடக்கும் நாளில் உங்கள் பக்கம் எத்தனை பலம் இருக்கும் என்பதைத்தான் அந்தத் தள்ளுபடி வாங்கித்தருகிறது.

தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சோதனை: ஒரே ஒரு தாலுகாவில் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். வேலை பாதியாகக் குறைந்தால், நீங்கள் வாங்கி வைத்திருந்தது ஆட்களின் பழக்கத்தை அல்ல, கூப்பனின் பழக்கத்தை.

படி 7: பெரியவர் உள்ளே வந்தால்

பெயருக்குப் பயப்பட வேண்டாம். 2017 டிசம்பரில் ஃபுட்பாண்டாவின் இந்தியத் தொழிலை ஓலா வாங்கியது. 2019-இல் அந்த உணவு டெலிவரியைச் சுருட்டிக்கொண்டது. அமேசான் 2020 மே மாதம் பெங்களூரில் உணவு டெலிவரி தொடங்கி, 2022 டிசம்பரில் நிறுத்தியது. பணம், டெலிவரி அனுபவம், கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் எல்லாம் இருந்தும் இப்படி. அவர்களுக்கு இது பத்தாவது தொழில். ஸ்விக்கிக்கும் ஸொமாட்டோவுக்கும் அதுவே உயிர்.

நிஜமாகப் பயப்பட வேண்டிய இடம் வேறு. நீங்கள் சந்தை நடத்துகிறீர்கள், ஆனால் அந்தச் சந்தையே இன்னொருவர் நிலத்தில் இருக்கிறது. 2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்திய நிறுவனங்களின் ஆப்களைக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. அரசு தலையிட்டு, சில நாளில் அவை திரும்ப வந்தன. இருபது ஆண்டுக்கு மேல் நடந்த சென்னை நிறுவனத்துக்கே இந்தக் கதி. தேடல் முடிவுகளில் கூகுள் பாரபட்சம் காட்டுகிறது என்று அதே நிறுவனம் 2012-இல் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்திருந்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி அபராதம் விதித்தது. நியாயம் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், நடுவில் போன 6 ஆண்டை எந்த ஆணையம் திருப்பித்தரும்? எனவே ஆப் கடைக்கு வெளியேயும் வழி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வலைத்தளம், மாஸ்டர்களின் போன் எண்கள், மண்டபங்களில் ஒட்டிய உங்கள் எண்.

முருகவேல் கதையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரன் தேடும் பெற்றோரும் ஆட்டோக்காரரைப் போலத்தான், மூன்று தளத்தில் பதிவார்கள். அதற்குப் பாரத் மேட்ரிமோனி கண்டுபிடித்த பதில், மொழிவாரியாகவும் பிறகு சாதிவாரியாகவும் தளத்தைப் பிரித்தது. தொழிலாகப் பார்த்தால் சின்ன வட்டத்தில் நிறைய வரன் காட்டும் கெட்டிக்காரத்தனம். சமூகமாகப் பார்த்தால் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. பிளாட்ஃபார்ம் ஊரில் இருக்கும் கோடுகளை அழிக்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

படி 8: எதை எண்ணுவது?

எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்ற எண்ணை முதலீட்டாளர் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று எண் போதும். தேடி வந்த பத்து வீட்டாரில் எத்தனை பேருக்கு, கேட்ட தேதியில் மாஸ்டர் கிடைத்தார்? போன சீசனில் வேலை வாங்கிய மாஸ்டர்களில் எத்தனை பேர் இந்த சீசனிலும் வாங்கினார்கள்? மூன்றாவது எண்தான் முக்கியம்: ஒரு மாஸ்டரின் மொத்த வருமானத்தில் உங்கள் வழியாக வருவது எவ்வளவு?

மூன்றாவது எந்த டாஷ்போர்டிலும் வராது. ஆடி மாதத்தில் பத்து மாஸ்டர்களின் வீட்டுக்குப் போங்கள். ஆப் பற்றிப் பேசாமல், போன தை மாதம் எங்கெங்கே சமையல் என்று கேளுங்கள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். அதில் எத்தனை கல்யாணம் உங்களுடையது, எத்தனை மண்டப மேனேஜர் சொல்லி வந்தது, எத்தனை சொந்தக்காரர் வழி, எத்தனை வேறு ஆப் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாலில் ஒன்றுகூட உங்களுடையது இல்லை என்றால் அடுத்த ஊருக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, நாலாம் படிக்குத் திரும்புங்கள். அந்தக் காலண்டருக்குப் பதிலாக உங்கள் டைரியில் அவர் தேதி எழுதத் தொடங்கும்வரை நீங்கள் இன்னும் ஹேண்டில்பாரில் இருக்கும் நாலாவது ஆப்தான்.